கள்ளநோட்டுக்காரனும் மண் சுமப்பவனும்

2018 அக்டோபர் 25. நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலக் கூடத்தில் ஓர் உருவப்படம் ஏலத்துக்கு வந்தது. கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, நீர் பட்டுக் கலைந்தது போன்ற முகம். படத்தில் இருப்பவர் பெயர் எட்மண்ட் டி பெலமி. அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. 7,000 முதல் 10,000 டாலர் வரை போகும் என்று எதிர்பார்த்த அந்தப் படம் 4,32,500 டாலருக்குப் போனது!

வேடிக்கை அதோடு முடியவில்லை. படத்தின் கீழ் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும் அல்லவா? அந்த இடத்தில் ஒரு கணிதச் சூத்திரம் இருந்தது. ஒருவர் குறைக்கப் பார்க்கிறார், இன்னொருவர் கூட்டப் பார்க்கிறார் என்று சொல்லும் சூத்திரம். 'பெலமி' என்ற பெயரிலும் ஒரு சிலேடை உண்டு. பிரெஞ்சில் 'பெல் அமி' என்றால் நல்ல நண்பன். ஆங்கிலத்தில் அதையே சொன்னால் குட்ஃபெல்லோ. அந்தச் சூத்திரத்தை 2014இல் எழுதிய குழுவின் முதல் பெயர் இயன் குட்ஃபெல்லோ.

ஆனால் அந்தக் கையெழுத்து குட்ஃபெல்லோவுடையது மட்டும்தானா? நோண்டிப் பார்த்தால் அதற்குப் பின்னால் பெரிய வரிசையே நிற்கிறது. சீட்டாட்டத்தை ஆராய்ந்த ஹங்கேரிக்காரர் ஒருவர், மண் சுமக்கும் கூலியைக் கணக்கிட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர், பிளைவுட் தொழிற்சாலைக்குக் கணக்குப் போட்ட ரஷ்யர் ஒருவர். வணிகவியல் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்துவிடும் இரண்டு பாடங்கள்தாம் கடைசியில் இயந்திரத்துக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தன என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். கதை அதுதான்.

பங்கு பிரிக்கும் தகராறு

அண்ணன் தம்பி இருவருக்கு ஒரு தோட்டத்தைப் பிரிக்க வேண்டும். சண்டை வராமல் பிரிக்க ஊரில் ஒரு வழி உண்டு. அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பி பெரிய பங்கைத்தான் எடுப்பான் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆகவே சின்னப் பங்கு எவ்வளவு பெரிதாக இருக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வெட்டுவான், அதாவது சரிபாதியாக.

எதிராளி தனக்கு ஆக மோசமானதைத்தான் செய்வான் என்று வைத்துக்கொண்டு, அந்த மோசத்திலும் நல்லதைத் தேடுவது. இதற்குத்தான் மினிமேக்ஸ் என்று பெயர். ஒருவர் லாபம் அப்படியே மற்றவர் நஷ்டமாகும் இருவர் ஆட்டம் எதிலும், ஆட்டக்காரர்கள் தங்கள் உத்திகளைக் கலந்து ஆடலாம் என்றால், இருவரும் விட்டு நகர விரும்பாத ஒரு புள்ளி கட்டாயம் உண்டு என்று ஜான் வான் நியூமன் 1928இல் நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது 24. பின்னர் 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து அவர் எழுதிய தடித்த புத்தகம் ஆட்டக் கோட்பாட்டைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தது.

1950இல் பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ஜான் நாஷ், எத்தனை பேர் ஆடினாலும், லாப நஷ்டம் நேர் எதிராக இல்லாவிட்டாலும் அப்படி ஒரு சமநிலை உண்டு என்று காட்டினார். அவருடைய முனைவர் ஆய்வேடு 28 பக்கம்தான். 1994இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் இன்னும் இருவருக்கும் கிடைத்தது.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பின்னால் வரும் தொல்லைகளுக்கெல்லாம் இதுதான் வேர். சமநிலை 'உண்டு' என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அங்கே 'எப்படிப் போய்ச் சேருவது' என்று சொல்லவில்லை. ஊர் இருக்கிறது என்பது வேறு, ஊருக்கு வழி தெரிவது வேறு.

ஒரு இரவில் எழுதிய நிரல்

இப்போது புள்ளியியல் பக்கம். இயந்திரத்துக்கு ஒரு லட்சம் முகப் படங்களைக் காட்டி, 'இதேபோல் புதிதாக ஒன்று வரை' என்று சொன்னால் அது என்ன செய்ய வேண்டும்? புள்ளியியலின் மொழியில், அந்த லட்சம் படங்களும் ஏதோ ஒரு நிகழ்தகவுப் பரவலிலிருந்து எடுத்த மாதிரிகள். அந்தப் பரவலைக் கண்டுபிடித்துவிட்டால் புதுப் படம் எடுப்பது குலுக்கல் சீட்டு எடுப்பது போலத்தான்.

கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ரொனால்ட் ஃபிஷர் 1922இல் நிலைநாட்டிய முறை அது. கையில் உள்ள மாதிரிகள் வருவதற்கு எந்தப் பரவலில் வாய்ப்பு அதிகமோ அந்தப் பரவலைத் தேர்ந்தெடுப்பது. பத்துப் பதினைந்து எண்களுக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். படம் என்று வந்தால் கதை வேறு. 64க்கு 64 புள்ளிகள் கொண்ட சின்ன வண்ணப் படம்கூட 12,288 எண்களின் தொகுப்பு. வாய்ப்புகளின் மொத்தம் 1 ஆக வேண்டும் என்பதால், சாத்தியமான எல்லாப் படங்களின் மேலும் கூட்டிப் பார்க்க வேண்டிவரும். எந்தக் கணினியாலும் ஆகாத காரியம். குறுக்குவழிகள் பல வந்தன. பெரும்பாலும் படங்கள் மங்கலாகவே வந்தன.

2014இல் மான்ட்ரியல் நகரில் ஒரு மதுவிடுதி. பல்கலைக்கழக நண்பர்கள் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தின் கூறுகளைப் பற்றிப் புள்ளிவிவரம் திரட்டிக் கணக்குப் போடலாம் என்பது அவர்கள் யோசனை. யோஷுவா பெஞ்ஜியோவின் மாணவரான குட்ஃபெல்லோ, அது நடக்காது என்றார். அதற்குப் பதில் இரண்டு நரம்பு வலைகளை மோதவிட்டால் என்ன என்று கேட்டார். நண்பர்கள் நம்பவில்லை. அவர் வீட்டுக்குப் போய் அன்றிரவே நிரல் எழுதினார். முதல் முயற்சியிலேயே ஓடியது.

யோசனை இதுதான். ஒரு வலை கள்ளநோட்டுக்காரன். இன்னொரு வலை போலீஸ். இந்த உவமை அவர்களுடைய கட்டுரையிலேயே இருக்கிறது. கள்ளநோட்டுக்காரன் படம் செய்து தள்ளுவான். போலீசிடம் நிஜப் படமும் கள்ளப் படமும் கலந்து வரும். எது எது என்று அது சொல்ல வேண்டும். போலீஸ் பிடிக்கப் பிடிக்கக் கள்ளன் தேறுவான், கள்ளன் தேறத் தேறப் போலீசும் தேறும். கடைசியில் நிஜத்துக்கும் கள்ளத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போய், போலீஸ் காசு சுண்டிப் பார்த்துச் சொல்லும் நிலை வரும். அதுதான் சமநிலை.

இதற்கு ஜெனரேட்டிவ் அட்வர்சேரியல் நெட்வொர்க் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாகக் 'கேன்'. தண்ணீர் கேன் அல்ல!

இதில் புதுமை எங்கே? பரவலைக் கணக்கிடவே வேண்டாம் என்பதுதான். 'இது எவ்வளவு நன்றாக இருக்கிறது' என்று அளக்கும் வேலையை இன்னொரு வலையிடம் ஒப்படைத்தாயிற்று. ஜெர்மானிய அறிஞர் யூர்கன் ஷ்மிட்ஹூபர், இரண்டு வலைகளை எதிரும் புதிருமாக நிறுத்தும் எண்ணத்தை 1990களிலேயே தாம் எழுதிவிட்டதாக உரிமை கோரினார். 2016இல் பார்சிலோனாவில் குட்ஃபெல்லோ பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே எழுந்து நின்று கேட்டார். யார் முதலில் என்பதை இன்றும் விவாதிக்கிறார்கள். 2014க்குப் பிறகுதான் உலகம் அதைக் கையில் எடுத்தது என்பதில் விவாதம் இல்லை.

சுற்றிச் சுற்றி வந்த ஆட்டம்

குட்ஃபெல்லோவின் முதல் இரவு அதிர்ஷ்டமான இரவு. அதே முறையை முயன்ற மற்றவர்களுக்கு அப்படி அமையவில்லை.

ஒரு கள்ளன் 100 ரூபாய் நோட்டு மட்டும் அச்சடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஏமாறுகிறது. அவனுக்கு அது போதும். 10, 20, 50, 500 எல்லாம் எதற்கு? கொஞ்ச நாளில் போலீஸ் விழித்துக்கொண்டு 100 ரூபாய் என்றாலே பிடிக்கிறது. கள்ளன் 500க்குத் தாவுகிறான். போலீஸ் 500ஐத் துரத்துகிறது, 100ஐ மறந்துவிடுகிறது. கள்ளன் மறுபடி 100க்கு வருகிறான். இருவரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் தேறவில்லை.

கேன்களில் நடந்தது அச்சு அசல் இதுதான். 0 முதல் 9 வரை எல்லா எண்களையும் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டிய வலை, 1 மட்டும் எழுதிக்கொண்டிருக்கும். இதற்கு மோட் கொலாப்ஸ் என்று பெயர்.

காரணம் என்ன? வான் நியூமனின் நிரூபணத்துக்கு ஆட்டம் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில், அதாவது ஒழுங்கான கிண்ணம் போலவும் கவிழ்த்த கிண்ணம் போலவும் இருக்க வேண்டும். நரம்பு வலைகளின் நிலப்பரப்பு மேடும் பள்ளமுமான மலைக்காடு. அதுமட்டுமல்ல, மிக எளிய ஆட்டத்திலேயே ஒருவர் சரிவில் இறங்க, மற்றவர் மேட்டில் ஏற, இருவரும் சேர்ந்து சமநிலையை நோக்கி வராமல் அதைச் சுற்றிச் சுற்றி வெளியே போய்விடுவார்கள்.

இந்த நோய் ஆட்டக் கோட்பாட்டுக்காரர்களுக்குப் பழையது. 1951இலேயே ஜார்ஜ் பிரவுன் ஒரு மருந்து சொன்னார். எதிராளி இப்போது ஆடியதை மட்டும் பார்க்காதே, இதுவரை ஆடிய அத்தனையின் சராசரிக்குப் பதில் ஆடு என்றார். ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமாகும் இருவர் ஆட்டங்களில் இது சமநிலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஜூலியா ராபின்சன் அதே ஆண்டு நிரூபித்தார். மற்ற ஆட்டங்களில் இதுவும் சுற்ற ஆரம்பித்துவிடும் என்று 1964இல் லாயிட் ஷாப்லி காட்டினார்.

65 ஆண்டு கழித்து, 2016இல், டிம் சாலிமன்ஸ், குட்ஃபெல்லோ முதலானோர் கேன்களைச் சீர்செய்ய எழுதிய கட்டுரையில் பழைய எடைகளின் சராசரியை நினைவில் வைக்கும் ஓர் உத்தி இருக்கிறது. பிரவுனின் மருந்திலிருந்து வந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பழைய கேஸ் கட்டுகளைப் போலீஸ் தூக்கி எறியாமல் வைத்திருப்பது போல. அதே கட்டுரையில் இன்னொரு உத்தியும் உண்டு. போலீசிடம் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டாமல் கட்டுக் கட்டாகக் காட்டுவது. கட்டு முழுக்க ஒரே வரிசை எண் இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடுமே!

2017இல் கான்ஸ்டான்டினோஸ் டஸ்கலாகிஸும் கூட்டாளிகளும் வேறொரு திருத்தம் தந்தார்கள். எதிராளி அடுத்து எங்கே போவார் என்று ஊகித்து அதற்கேற்ப அடி எடுத்து வைப்பது. இதற்கு நெருங்கிய உறவான முறையை கலினா கோர்ப்பலெவிச் என்ற சோவியத் பெண் கணித அறிஞர் 1976இலேயே எழுதியிருந்தார். அவர் முறையில், ஒரு எட்டு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, அங்கே தெரிந்த திசையில் நடக்க வேண்டும். சுழல் வெளியே போகாமல் உள்ளே சுருங்கும்.

ஃபெயில் என்று மட்டும் சொல்லும் வாத்தியார்

ஆட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அளவுகோலிலேயே ஒரு கோளாறு இருந்தது.

போலீஸ் மிகத் திறமையாக இருந்தால், கள்ளன் உண்மையில் குறைக்க முயல்வது இரண்டு பரவல்களுக்கு இடையிலுள்ள ஒரு குறிப்பிட்ட தூரத்தை என்று 2014ஆம் ஆண்டுக் கட்டுரையே காட்டியிருந்தது. ஜென்சன்-ஷேனன் தூரம் என்று பெயர். அந்தத் தூரத்துக்கு ஒரு கெட்ட குணம். இரண்டு பரவல்களும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சமாவது படிந்தால்தான் அது பேசும். துளியும் படியவில்லை என்றால், பக்கத்துத் தெருவில் இருந்தாலும் பக்கத்து நாட்டில் இருந்தாலும் ஒரே எண்ணைத்தான் சொல்லும்.

40 எடுத்தால் பாஸ் என்ற பரீட்சையில் 39 வாங்கியவனுக்கும் 3 வாங்கியவனுக்கும் மார்க்கைச் சொல்லாமல் 'ஃபெயில்' என்று மட்டும் சொல்லும் வாத்தியாரை நினைத்துப் பாருங்கள். 3லிருந்து 20க்கு ஏறிய பையனுக்குத் தான் முன்னேறியதே தெரியாது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்றும் தெரியாது.

12,288 எண்கள் கொண்ட வெளியில் நிஜ முகங்கள் மெல்லிய தாள் போன்ற ஒரு பரப்பில்தான் கிடக்கின்றன. ஆரம்பத்தில் கள்ளன் செய்வதும் இன்னொரு மெல்லிய தாள். இரண்டு தாள்களும் படியும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. போலீஸ் எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவுக்குக் கள்ளனுக்குப் பாடமே கிடைக்காது. நல்ல ஆசிரியர் இருந்தால் மாணவன் உருப்பட மாட்டான் என்ற விபரீதம்! மார்ட்டின் அர்ஜோவ்ஸ்கியும் லியோன் போத்தூவும் 2017 ஜனவரியில் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள்.

மருந்து? 1781இல் இருந்தது.

மண் சுமக்கும் கணக்கு

1781இல் காஸ்பார் மோன்ஜ் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். கோட்டை கட்ட ஓர் இடத்தில் மண்ணை வெட்டுகிறார்கள், வேறோர் இடத்தில் கொட்டி மேடாக்குகிறார்கள். எந்தக் குழியின் மண் எந்த மேட்டுக்குப் போனால் மொத்தச் சுமைகூலி குறையும்? புட்டுக்கு மண் சுமந்த கதை தெரிந்த ஊரில் இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு எளிது, ஆனால் மோன்ஜால் முழுதாக விடை காண முடியவில்லை.

ஏறத்தாழ 160 ஆண்டு கழித்து அது லெனின்கிராடில் தலைகாட்டியது. லியோனிட் கண்டோரோவிச் என்ற இளம் பேராசிரியரிடம் பிளைவுட் நிறுவனம் ஒன்று வந்தது. எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை எவ்வளவு ஓட்டினால் உற்பத்தி அதிகமாகும் என்பது கேள்வி. அவர் 1939இல் வெளியிட்ட சிறு நூல்தான் நேரியல் திட்டமிடலின் தொடக்கம். 1942இல் மோன்ஜின் மண் கணக்கின் பொது வடிவத்தை எழுதி, அதைத் தீர்க்கும் வழியையும் காட்டினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபிராங்க் ஹிட்ச்காக் 1941இல் எழுதியதும் இதே குடும்பத்துக் கணக்குதான். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் தாளில் வடமேற்கு மூலை முறை, வோகல் முறை என்று கட்டம் போட்டுத் தீர்க்கும் டிரான்ஸ்போர்ட்டேஷன் கணக்கு இருக்கிறதே, அதுவேதான்!

கண்டோரோவிச்சுக்கு இதனால் உடனே புகழ் வரவில்லை. அவர் கணக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு 'விலை' தானாக முளைத்தது. சந்தை இல்லாத நாட்டில் விலையா? உழைப்புதான் மதிப்பு என்ற அதிகாரபூர்வக் கொள்கையோடு அது மோதியது. அவர் 1942இல் எழுதி முடித்த பொருளாதார நூல் 1959இல்தான் அச்சானது. 17 ஆண்டு! கடைசியில் 1975இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் ட்யாலிங் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது.

அந்த 'விலை'தான் இந்தக் கதைக்கு முக்கியம். மண் சுமக்கும் கணக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் போடலாம் என்று கண்டோரோவிச் காட்டினார். ஒன்று முதலாளியின் கணக்கு, குறைந்த கூலியில் மண்ணை நகர்த்துவது. மற்றது காண்டிராக்டரின் கணக்கு. அவர் சொல்கிறார்: 'ஒவ்வொரு இடத்திலும் மண்ணுக்கு ஒரு விலை வைக்கிறேன். குழியில் அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், மேட்டில் அந்த விலைக்குத் தருகிறேன்.' அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே விலை வித்தியாசம் வண்டிக்கூலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலாளி தானே சுமந்துகொள்வார். ஒரு ஊரில் வெங்காயம் 20 ரூபாய், பக்கத்து ஊரில் 30 ரூபாய், வண்டிக்கூலி 4 ரூபாய்தான் என்றால் அந்த விலை எத்தனை நாள் நிற்கும்? இந்தக் கட்டுப்பாட்டுக்குள் காண்டிராக்டர் எடுக்கக்கூடிய அதிகபட்ச லாபமும், முதலாளியின் குறைந்தபட்ச கூலியும் ஒரே தொகை!

1969இல் லியோனிட் வாசர்ஸ்டைன் இந்தத் தூரத்தை நிகழ்தகவுப் பரவல்களுக்குப் பயன்படுத்தினார். அதனால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஒரு பரவலை மண் குவியலாக நினைத்து, அதை இன்னொரு குவியலாக மாற்ற எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதே வாசர்ஸ்டைன் தூரம்.

போலீஸ் காண்டிராக்டர் ஆன கதை

2017 ஜனவரியில் அர்ஜோவ்ஸ்கி, சௌமித் சிந்தாலா, போத்தூ மூவரும் வாசர்ஸ்டைன் கேன் என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். இவர்களில் சிந்தாலா வேலூர் விஐடியில் படித்தவர்.

அவர்கள் செய்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்லலாம். போலீசை வேலையை விட்டு அனுப்பிவிட்டுக் காண்டிராக்டரை உட்கார வைத்தார்கள். புதியவர் 'நிஜம், கள்ளம்' என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலை சொல்கிறார். நிஜப் படத்துக்கு உயர்ந்த விலை, கள்ளப் படத்துக்குத் தாழ்ந்த விலை. ஆனால் கண்டோரோவிச்சின் கட்டுப்பாடு உண்டு, பக்கத்துப் பக்கத்துப் படங்களுக்கு விலை தடாலென்று மாறக் கூடாது. அதனால் நிஜத்துக்கும் கள்ளத்துக்கும் நடுவே செங்குத்துப் பாறை இல்லை, ஏறக்கூடிய சரிவு இருக்கிறது. கள்ளன் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் விலை ஏறும் திசையில் ஓர் அடி வைக்கலாம். ஃபெயில் என்று மட்டும் சொன்ன வாத்தியார் மார்க் போட ஆரம்பித்துவிட்டார்.

பல சோதனைகளில் பயிற்சி நிதானமானது. அந்தத் தூரம் குறையக் குறையப் படமும் தெளிவானது. அதற்கு முன் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று சொல்லவே முடியாது.

கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்திய விதம் முரட்டுத்தனமானது. வலையின் எடைகளை ஓர் எல்லைக்குள் வெட்டிவிட்டார்கள். இது மோசமான வழி என்று ஆசிரியர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். சில மாதங்களிலேயே இஷான் குல்ரஜானியும் மற்றவர்களும், சரிவு எல்லை மீறினால் அபராதம் என்ற மென்மையான வழியைத் தந்தார்கள். அதே 2017இல் என்விடியா நிறுவனத்தின் டெரோ கர்ராஸ் குழு இந்த அபராத முறையையும் பயன்படுத்தி 1024க்கு 1024 புள்ளிகளில் முகங்களை வரையவைத்தது. பார்த்தவர்கள் போட்டோ என்றே நினைத்தார்கள்.

பிறந்தநாள் சோதனை

'சுபம்' போட்டு முடித்துவிடலாம்தான். ஆனால் புள்ளியியலுக்கு இரண்டு வேலை. ஒன்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது, மற்றது கற்றுவிட்டதாகச் சொல்லும் இயந்திரத்தைச் சோதிப்பது. இரண்டாவது வேலை பல நம்பிக்கைகளைக் கவிழ்த்தது.

ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால் அதில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 365 நாளுக்கு 23 பேரே போதும்! இதைத் திருப்பிப் போட்டால், இரட்டை எத்தனை பேரில் கிடைக்கிறது என்று பார்த்து ஆண்டுக்கு எத்தனை நாள் என்று ஊகிக்கலாம். பிரின்ஸ்டனில் சஞ்சீவ் அரோராவும் இ ஜாங்கும் 2017இல் இதையே கேன்களிடம் செய்தார்கள். பிரபலங்களின் சுமார் 2 லட்சம் முகங்களைப் பார்த்துக் கற்ற ஒரு கேனிடம் படங்களைக் கேட்டு வாங்கினார்கள். ஏறத்தாழ 400 படங்களிலேயே ஒரே முகம் இரண்டு முறை வரும் வாய்ப்பு பாதியைத் தொட்டது. 400ஐ 400ஆல் பெருக்கினால் 1,60,000. முடிவே இல்லாமல் புதுமுகம் தரும் என்று நினைத்த இயந்திரத்திடம் இருந்தது சுமார் அவ்வளவு முகங்கள்தாம்.

அதே ஆண்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் மார்ட்டின் ஹோய்செல் முதலானோர் படத் தொகுப்புகளை ஒப்பிட ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். ஃப்ரெஷே இன்செப்ஷன் தூரம் என்று பெயர். இதுவும் வாசர்ஸ்டைன் குடும்பம்தான். மணி வடிவப் பரவல்கள் இரண்டுக்கு நடுவே மண் சுமக்கும் கணக்கு. கூகுளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்திருந்த பலவகைக் கேன்களை வரிசையில் நிறுத்தினார்கள். முடிவு முகத்தில் அறைந்தது. போதுமான கணினி நேரம் கொடுத்து நன்றாகத் திருகிச் சரிசெய்தால், 2014ஆம் ஆண்டுக் கேனை எந்தப் புதுவகையும் தொடர்ந்து வெல்கிறது என்பதற்குச் சான்று இல்லை!

2020இல் ஃபர்சான் ஃபார்னியாவும் அசு ஓஸ்தாக்லரும் இன்னும் அடிப்படையிலேயே கை வைத்தார்கள். சில கேன் ஆட்டங்களில் நாஷ் சமநிலையே இல்லாமல் இருக்கலாம் என்று காட்டினார்கள். 2021இல் இன்னொரு குழு, வாசர்ஸ்டைன் கேன்கள் வாசர்ஸ்டைன் தூரத்தைச் சரியாகக் கணக்கிடுவதே இல்லை, அப்படித் தவறுவதால்தான் நன்றாக ஓடுகின்றன என்று தலைப்பிலேயே எழுதியது.

அப்படியானால் இவ்வளவு கோட்பாடும் வீணா? இல்லை. கணக்குப் புத்தகம் வியாபாரத்தை நடத்தாது. லாபமா நஷ்டமா என்று ஏமாறாமல் சொல்லும். ஆட்டக் கோட்பாடும் புள்ளியியலும் இங்கே செய்த பெரிய உதவியும் அதுதான். வலை ஏன் சுற்றுகிறது, ஏன் பாடம் கிடைக்காமல் நிற்கிறது, எத்தனை முகம்தான் அதற்குத் தெரியும் என்று சொல்லும் மொழி அதற்கு முன் இல்லை. அழகான படத்தைக் கண்டு மயங்கும் கண்ணுக்கு ஒரு தணிக்கையாளர் கிடைத்தார்.

சண்டை ஓய்ந்தபின்

2020இல் பெர்க்லியில் ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் மூவரும் வேறு பாதையைத் துலக்கினார்கள். படத்தின் மேல் சிறுகச் சிறுக இரைச்சலைத் தூவிக் கலைத்துவிட்டு, அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கக் கற்றுக்கொடுப்பது. டிஃப்யூஷன் முறை. 2015இல் ஜாஷா சோல்-டிக்ஸ்டைன் குழு விதைத்த எண்ணம் அது. இதில் போலீசும் இல்லை, கள்ளனும் இல்லை. சண்டை இல்லாததால் சுற்றலும் இல்லை. 2021இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் இருவர், டிஃப்யூஷன் கேன்களை வென்றுவிட்டது என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார்கள்.

ஆனால் கேன் செத்துவிடவில்லை. 2022இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனில் படத்தைச் சுருக்கி விரிக்கும் பகுதியைப் பயிற்றுவித்தபோது ஒரு போலீஸ் வலை மூலையில் உட்கார்ந்திருந்தது. 2023இல், பல படிகளில் வரையும் டிஃப்யூஷனை ஒரே படியில் வரைய வைக்க மீண்டும் கள்ளன்-போலீஸ் ஆட்டத்தையே கூப்பிட்டார்கள். 2022இல் வந்த ஃப்ளோ மேட்சிங் என்ற முறை இரைச்சலிலிருந்து படத்துக்கு நேர்கோட்டில் போகப் பார்க்கிறது. குறுக்கே அலையாமல் மண்ணை நேராகக் கொண்டுபோய்க் கொட்டும் அதே மோன்ஜ் ஆசை!

2014ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரைக்கு 2024இல் காலத்தை வென்ற கட்டுரை என்ற விருது கிடைத்தது. எழுதியவர்கள் எட்டுப் பேர்.

இப்போது பெலமியின் படத்துக்குத் திரும்பிப் போய் அந்த மூலையைப் பார்க்கலாம். ஒருவர் குறைக்கிறார், ஒருவர் கூட்டுகிறார். 1928இல் வான் நியூமன் எழுதியதும் அதுவே. 17 ஆண்டு அச்சுக்குக் காத்திருந்த புத்தகத்தில் கண்டோரோவிச் எழுதியதும் ஒருவகையில் அதுவே, முதலாளி கூலியைக் குறைக்கிறார், காண்டிராக்டர் லாபத்தைக் கூட்டுகிறார். வான் நியூமன் 1957இலும் கண்டோரோவிச் 1986இலும் மறைந்தார்கள். 4,32,500 டாலரில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

ஆனாலும் அந்தக் கையெழுத்தில் அவர்கள் எழுத்தும் இருக்கிறது. அடுத்த முறை டிரான்ஸ்போர்ட்டேஷன் கணக்குக்குக் கட்டம் போடும்போது, 'இது எங்கே உபயோகப்படப் போகிறது' என்று யாராவது அலுத்துக்கொண்டால், பிறக்காத மனிதரின் அந்த முகத்தை அவருக்குக் காட்டலாம்.